குறி பழக எந்தக் கைத்துப்பாக்கித் தோட்டா வாங்குவது?

கேள்வி 9×19 மி.மீ. பிஸ்டல் பற்றியது: காகித இலக்கில் சுட்டுப் பழக 115, 124, 147 கிரெயின்களில் (கிரெயின் என்பது எடை அளவு) எது, எஃப்எம்ஜேவா ஹாலோ பாயிண்டா?

ஹாலோ பாயிண்டை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். முனையில் குழி வைத்த அந்த ரவை (தோட்டாவிலிருந்து குழல் வழியே பாயும் குண்டு), பட்ட இடத்தில் விரிவதற்காகச் செய்யப்பட்டது. காகிதத்துக்கு அது வீண் செலவு. பழைய பிஸ்டல்கள் சிலவற்றில் சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) ஏறாமல் முனை இடித்து நின்றும் போகும். உருண்டை முனை எஃப்எம்ஜே (காரீயத்தின் மேல் செம்புக் கலவை உறை) போதும்.

பெட்டியில் உள்ள எண் ரவையின் எடை. உள்ளே இருக்கும் வெடிமருந்தின் எடை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 115 கிரெயின் என்பது ஏறக்குறைய 7.5 கிராம், 124 என்பது 8, 147 என்பது 9.5. வழக்கமான ஃபேக்டரி தோட்டாக்களில் 115 வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் போகும், 147 சுமார் 300-தான். 115-இன் உதை வெடுக்கென்று இருக்கும். 147 மெதுவாகத் தள்ளும். 147 ஒலி வேகத்துக்குக் கீழே போவதால் காற்றைக் கிழிக்கும் சத்தம் இராது. ஆனாலும் குழல்முனைச் சத்தம் அப்படியேதான், காதுக்கவசத்தைக் கழற்றிவிடாதீர்கள்.

என் தேர்வு 124. மலிவான 115 சிலவற்றில் மருந்தின் வலு குறைவாக இருக்கும். ஸ்பிரிங் இறுக்கமான பிஸ்டலில் அது ஸ்லைடை (சுடும்போது பின்னே நகரும் மேல்பாகம்) முழுதாகப் பின்னே தள்ளாது. காலிக் கூடு வெளியேறாமல் ஸ்லைடில் சிக்கி நிற்கும். பிடி தளர்ந்தாலும் இதே கோளாறுதான் வரும் என்பதால், பழகுகிறவருக்குத் தவறு கையிலா தோட்டாவிலா என்று தெரியாது. உங்கள் பிஸ்டல் 115-ஐத் தடங்கலின்றி ஓட்டினால் அதையே வாங்குங்கள், மிச்சம். +பி என்று குறித்தது பயிற்சிக்கு வேண்டாம்: அழுத்தம் அதிகம், தேய்மானமும் அதிகம்.

எதை எடுத்தாலும் நடுவில் மாற்றாதீர்கள். கனமான ரவை மெதுவாகக் குழலைவிட்டுப் போகும். அதற்குள் உதையில் குழல் சற்று மேலே எழுந்திருக்கும். அதனால் பயிற்சித் தூரத்தில் பெரும்பாலும் மேலே படும். இன்று 115, நாளை 147 என்று மாற்றிச் சுட்டால், இல்லாத பிழையைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

மூடிய ரேஞ்சில் சுடுகிறவர் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். சாதாரண எஃப்எம்ஜேயில் ரவையின் அடிப்பகுதி திறந்த காரீயம். சூடான வாயு அதை அரித்துப் புகையாக்கும். அடியையும் மூடிய டிஎம்ஜே இதைக் குறைக்கும். ஆனால் பெரும்பாலான பிரைமர்களிலும் (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) காரீயச் சேர்மம் உண்டு, ஆகவே சுட்டபின் குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கழுவாமல் எதையும் தின்னக் கூடாது. உறையே இல்லாத காரீய ரவை மலிவு. பலகோணக் குழல் (உட்புறம் பலகோண வடிவில் இருப்பது) உள்ள பிஸ்டலில் மட்டும் அதைத் தவிருங்கள்: காரீயம் படிந்து அழுத்தத்தை ஏற்றும். கையில் ஒரு காந்தம் இருக்கட்டும். செம்பு முலாமுக்கு அடியில் இரும்பு உறை இருந்தால் ரவையில் ஒட்டும், அப்படிப்பட்டதைப் பல ரேஞ்சுகள் உள்ளே விடுவதில்லை.

நேர்மையாகச் சொன்னால், டிரிகர் இழுப்பும் குறிபார்ப்பும் பழக 9 மி.மீ.யைவிட .22 எல்ஆர் என்ற சிறு தோட்டா மேல். 40 கிரெயின் ரவை, உதை மிகக் குறைவு, விலையும் குறைவு; விரல் செய்யும் பிழை இலக்கில் அப்படியே தெரியும். வேகம் கூடியதை விட்டுவிட்டு 'ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி' என்று போட்டதை எடுங்கள். இதன் குறை, பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்பில் இருப்பது. அது விளிம்பு முழுதும் சீராகப் பரவாவிட்டால் சில தோட்டாக்கள் வெடிக்காது. அப்போது குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 வினாடி பொறுத்துவிட்டு வெளியே எடுக்கவும்.

ரிவால்வர் வைத்திருப்பவர் .38 ஸ்பெஷலில் 148 கிரெயின் வாட்கட்டரைப் பார்க்கலாம். தட்டை முகம் காகிதத்தில் பஞ்ச் போட்டதுபோல வட்டத் துளை இடும், புள்ளி எண்ணுவதில் சண்டை வராது. ரவை கூட்டின் வாய்மட்டத்தோடு நிற்பதால், அதற்கென்று செய்தவை தவிர மற்ற பிஸ்டல்களில் ஏறாது.

மொத்தமாக வாங்குமுன் இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி எடுத்து, கையை மணல்மூட்டை மேல் தாங்கி, 25 மீட்டரில் வகைக்கு ஐந்து ஐந்தாக நான்கு குழுக்கள் (ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட ஐந்தும் ஒரு குழு) சுடுங்கள். ஒரே ஒரு குழுவை வைத்து முடிவுகட்ட முடியாது. இதற்கிடையில் எப்போதாவது 'புஸ்' என்ற மெலிந்த சத்தம் மட்டும் வந்தால் உடனே நிறுத்துங்கள். ரவை குழலுக்குள் சிக்கியிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். துப்பாக்கியைக் காலிசெய்து, குழலில் கம்பி விட்டுப் பார்த்த பிறகே தொடரவும்.