சிறு நகராட்சியில் கவுன்சிலராக வந்தால் எதற்கு முதலிடம் கொடுக்க வேண்டும்?

மண்ணுக்கடியில் ஏற்கெனவே கிடக்கிற குடிநீர்க் குழாய்க்கு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சாலை, தெருவிளக்கு, பூங்கா, புதிய பேருந்து நிலையம், தொழில் வாய்ப்பு என்று ஐந்தை எழுதி, இவற்றில் எதை முதலில் எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். குடிநீர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. வெளியூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, அடுத்த தேர்தலில் நிற்கலாமா என்று யோசிக்கிற இளைஞர் நீங்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் வீட்டில் போர் போட்டிருப்பார்கள், குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வரும், அதனால் விட்டுப்போயிருக்கலாம். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 2011 முதல் 2016 வரை டெல்டாவில் ஓர் இரண்டாம் நிலை நகராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தேன். சுயேச்சை. ஊர்ப் பெயர் வேண்டாம். அப்போது பணியாற்றியவர்களில் பலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள், அவர்களில் நல்லவர்களும் உண்டு.

எங்கள் வார்டுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை, விடியற்காலை நான்கு மணிக்கு, ஒரு மணி நேரம் தண்ணீர் விடுவார்கள். 2012 மழைக்காலத்தில் ஒரே தெருவில் ஆறு வீடுகளில் மஞ்சள் காமாலை வந்தது. கடைசி வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண் குழந்தை, கண்ணிரண்டும் மஞ்சளாகிப் பாயில் சுருண்டு கிடந்தாள். அவளுடைய பாட்டி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு குடத்தைத் தூக்கி வந்து வைத்தார். "கவுன்சிலரம்மா, நீங்களே மோந்து பாருங்கள்" என்றார். மோந்து பார்த்தேன். சாக்கடை வாடை. இலேசாகத்தான், ஆனால் அதேதான்.

அலுவலகத்தில் போய்ச் சொன்னபோது, மேல்நிலைத் தொட்டியில் மாதிரி எடுத்துச் சோதித்தாயிற்று, குறை எதுவும் இல்லை என்றார்கள். அது பொய்யில்லை. தொட்டியில் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. துப்புரவு ஆய்வாளர் ஒருவர், சிறு வயதுக்காரர், அடுத்த முறை தண்ணீர் விடுகிற நாளில் என்னோடு தெருவுக்கு வந்தார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து ஒரு மருந்தைச் சொட்டுவிட்டுக் குலுக்குவார். கிருமியைக் கொல்லப் போடுகிற குளோரின் இருந்தால் மஞ்சளாக மாற வேண்டும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. தெருவின் முதல் வீட்டில் மஞ்சள் வந்தது. ஏழாவது வீட்டில் வெளிறிப்போனது. கடைசி வீட்டில் நிறமே மாறவில்லை. அந்தக் கண்ணாடிக் குழாயை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

காரணத்தை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். தண்ணீர் ஓடுகிற வரையில் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும்; ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். வால்வை மூடிக் குழாய் காலியாகும்போது, வெளியில் இருப்பதை அது உள்ளே இழுக்கும். ஓட்டை சாக்கடையில் இருந்தால் சாக்கடையை இழுக்கும். இரண்டு நாள் இழுத்து வைத்தது மூன்றாம் நாள் விடியலில் முதல் குடத்தில் வந்து விழும். நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிற வீடுகள் இருந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் நாள் முழுவதும் வருகிற ஊரில் இந்தத் தொல்லை குறைவு. விட்டு விட்டுத் தருகிற எங்களைப் போன்ற ஊர்களுக்குத்தான் இது தலைவிதி போல ஆகிவிட்டது.

சரி, ஓட்டை எங்கே? குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது என்று வரைபடம் கேட்டேன். இல்லை என்றார்கள். ஒரு நகராட்சி, பல்லாயிரம் மக்கள் குடிக்கிற தண்ணீர், அது எந்த வழியாகப் போகிறது என்று காட்ட ஒரு தாள் இல்லை! எல்லாம் பழைய வால்வு திறப்பவருக்குத்தான் தெரியும், அவர் ஓய்வுபெற்றுவிட்டார் என்றார்கள்.

அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். முப்பத்து நான்கு ஆண்டு வால்வு திறந்தவர். நான் கேட்டு முடிப்பதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏறத்தாழ இரண்டு மாதம், தண்ணீர் விடுகிற நாளெல்லாம் விடிவதற்கு முன்பு அவரோடு நடந்தேன். அவர் கையில் ஓர் இரும்புக் கம்பி. ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். தண்ணீர் சும்மா ஓடினால் ஒரு சத்தம், கசிந்தால் இன்னொரு சத்தம். என்னையும் கேட்க வைத்தார். முதல் பத்து நாள் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. பதினோராவது நாள் பால் சொசைட்டி வாசலில் வேறுபாடு பிடிபட்டது. கம்பிக்குள் யாரோ சீறுவது போல இருந்தது. "ஐயா, இங்கே" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நான் வரைந்தேன், அவர் சொன்னார். பள்ளிக்கூடச் சுவரிலிருந்து ஏழடி, அங்கே மூன்றங்குலக் குழாய் பிரிகிறது. வேப்பமரத்துக்குத் தெற்கே இரண்டு தப்படி, அங்கே ஒரு வால்வு, மேலே தார் போட்டு மூடிவிட்டார்கள். வேப்பமரத்தையும் வெட்டியாகிவிட்டது, அது நின்ற இடம் அவருக்கு மட்டும் தெரிந்தது. காமாலை வந்த அந்தத் தெருவில் 112 இணைப்புகள். அதில் 43 வீடுகளுக்குப் போகும் குழாய் சாக்கடைக்குள் நனைந்துகொண்டே போனது. இரும்புக் குழாய், பல இடங்களில் துருப்பிடித்து விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. ரப்பர் டியூப் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

இனித்தான் உங்களுக்கு உதவக்கூடிய பகுதி. அதே தெருவுக்கு சிமெண்ட் சாலை போட டெண்டர் முடிந்திருந்தது. பிரதானக் குழாயை மாற்றிவிட்டுச் சாலை போடுங்கள், அதுவரை நிறுத்தி வையுங்கள் என்று மன்றக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்தேன். மேலே சிமெண்ட் போட்டுவிட்டால் அதை உடைக்க யாருக்கும் மனம் வராது. குழாய் அப்படியே கிடக்கும், பிள்ளைகள் அந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள். தலைவர் ஒப்புக்கொண்டார். ஆனால் குழாய்க்கு மதிப்பீடு தயாராகி, நிர்வாக அனுமதி வாங்கி, டெண்டர் விட்டு வேலை தொடங்கப் பதினான்கு மாதம் ஆனது. பதினான்கு மாதமும் தெரு சேறு. "வந்த ரோட்டைத் திருப்பி அனுப்பிய கவுன்சிலர்" என்று என்னைச் சொன்னார்கள். ஒரு பிரசவத்துக்கு ஆட்டோ உள்ளே வர முடியாமல் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப்போனார்கள். அந்தப் பெண்ணின் தாயார் என் வாசலில் நின்று ஏசியதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஓர் இடத்தில் நான் தவறினேன். தற்காலிகமாக இரண்டு லோடு கப்பியாவது கொட்டச் சொல்லி விடாமல் கேட்டிருக்க வேண்டும்.

குழாய் மாற்றி, வீட்டு இணைப்புகளைச் சாக்கடைக்கு மேலே தூக்கி, பிறகு சாலை போட்டார்கள். நான் பதவியில் இருந்த மீதிக் காலத்தில் அந்தத் தெருவில் காமாலை என்று என் காதுக்கு எதுவும் வரவில்லை. குழாயால்தான் நின்றது என்று சத்தியம் செய்ய மாட்டேன், நான் மருத்துவர் இல்லை. ஆனால் கடைசி வீட்டில் மருந்து விட்டதும் தண்ணீர் மஞ்சளானதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இதைப் படித்ததும் இரண்டு வகையான கருத்து வரும் என்று தெரியும். ஒன்று, கவுன்சிலர் என்றாலே கமிஷன், இவர் மட்டும் யோக்கியரா என்பது. என் காலத்தில் நகராட்சி உறுப்பினருக்கு மாதச் சம்பளம் என்று எதுவும் கிடையாது. கூட்டத்துக்கு வந்தால் ஒரு சிறு படி. 2023 ஜூலையிலிருந்துதான் மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் தருகிறார்கள். கமிஷன் வாங்குபவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. நான் வாங்கவில்லை. இதற்குமேல் எப்படி நிரூபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, மண்ணுக்கடியில் செய்வது வாக்குத் தராது என்பது. ஆலந்தூரைப் பாருங்கள். இப்போது சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது, 1990-களின் கடைசியில் தனி நகராட்சி. தி.மு.க.வின் ஆர்.எஸ்.பாரதி தலைவராக இருந்தார். பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டு மக்களிடம் போனார்கள். அந்தக் காலத்து 5,000! கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு மக்கள் பணம் கட்டினார்கள், திட்டமும் நிறைவேறியது. அவருடைய கட்சிக்காரர் என்று என்னை நினைக்க வேண்டாம். எந்தக் கட்சியாக இருந்தாலும் இதைச் சொல்வேன். விளக்கிச் சொல்லி, கணக்கைக் காட்டினால் மக்கள் பணமே தருவார்கள், வாக்குத் தர மாட்டார்களா? எங்கள் பக்கத்து ஊர்களில் 2008-இல் உயர்த்திய சொத்து வரியை அடுத்து 2018-இல்தான் உயர்த்தினார்கள், 2019-இல் அந்த உயர்வை நிறுத்தி வைத்தார்கள், மறுபடி 2022-இல் ஒரேயடியாக உயர்த்தினார்கள். ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கேட்டிருந்தால் அந்த அதிர்ச்சி இருந்திருக்காது. இதைச் சொல்கிற தைரியமும் உங்களுக்கு வேண்டும்.

பணம் இல்லை என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். மத்திய வரிப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று சொல்கிற 15-ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி 2021 முதல் 2026 வரை நம்மைப் போன்ற ஊர்களுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் தூய்மைப் பணிக்கும் மட்டுமே செலவிட வேண்டியது. அது எந்தத் தெருவுக்குப் போனது என்று முதல் கூட்டத்திலேயே எழுத்தில் கேளுங்கள்.

தொழில் வாய்ப்பு என்று ஊர் வளர்ச்சியையும் பட்டியலில் எழுதியிருக்கிறீர்கள். ஊர் வளர்வதென்றால் எங்களைப் போன்ற ஊரில் புறவழிச்சாலை ஓரத்தில் வயலெல்லாம் மனையாவதுதான். பெரிய மனைப்பிரிவுகளில் பத்து விழுக்காடு இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி நகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அந்த இடங்களுக்கு வேலி போட்டு வையுங்கள். நாளைக்குப் பிள்ளைகள் விளையாட அடி நிலம் தேடுவீர்கள்.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் நெடுநாளாக இருக்கிறது. ஐந்து ஆண்டில் அலுவலகத்துக்குப் போனபோதெல்லாம் "சார் வரவில்லையா?" என்றுதான் கேட்டார்கள். என் கணவர் மளிகைக் கடை வைத்திருப்பவர், ஒருநாளும் நகராட்சிப் படி ஏறியதில்லை. ஆனால் என் வார்டு வேலைக்கு ஒப்பந்ததாரர் கடைக்குப் போய் அவரிடம் பேசுவார். என் கணவர் "அம்மா வீட்டில் இருக்கிறார், அங்கே போங்கள்" என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார். 2016-இல் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்துவிட்டது. வந்து என்ன? இன்றைக்கும் பல ஊர்களில் வென்றவர் பெயர் ஒன்று, கூட்டத்துக்கு வெளியே பேசி முடிப்பவர் இன்னொருவர். பெண்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் தொலைபேசி எண்ணை மட்டும் அலுவலகத்தில் கொடுங்கள்.

2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தாகி, 2022 பிப்ரவரியில்தான் நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது. ஐந்து ஆண்டுக்கும் மேலாக மன்றம் இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்தான். மக்களுக்குச் சொல்லி அழக்கூட ஆள் இல்லை. என் நோட்டை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தேன். இடையில் யாரோ கேபிள் பதிக்கத் தோண்டி, நாங்கள் குறித்து வைத்த அதே இடத்தில் பிரதானக் குழாயை உடைத்தார்கள். நான்கு நாள் தண்ணீர் இல்லை. நோட்டு எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பெரியவரும் அதற்குள் காலமாகிவிட்டார். நல்லவேளை, நகல் எடுத்து வைத்திருந்தேன். 2022-இல் வென்று வந்த பெண் என்னைத் தேடி வந்து கேட்டு, இன்னொரு நகல் வாங்கிக்கொண்டு போனார்.

உங்கள் ஊரிலும் ஓய்வுபெற்ற வால்வு திறப்பவர் ஒருவர் இருப்பார். தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று இருக்காமல் இந்த வாரமே போய்ப் பாருங்கள். தண்ணீர் விடுகிற நாளாகப் பார்த்து, விடிவதற்கு முன்பு போங்கள். டார்ச்சும் அளவு டேப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தை அடையாளமாகக் குறிக்காதீர்கள்.