கைநரம்பில் ஊசி, கண்ணுக்குள் படம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அம்மாவுக்கு 62 வயசு. சர்க்கரை வந்து 14 வருசம் ஆச்சுங்க. போன மாசம் கோயமுத்தூர்ல கண்ணுக்கு ஓசிடி எடுத்தாங்க. இப்ப மருந்து ஏத்தி ஆஞ்சியோ எடுக்கணுங்கறாங்க. எதுக்குங்க ரெண்டு? கிட்னிக்குக் கெடுதல் இல்லீங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இரண்டும் காட்டுவது வேறு வேறு. ஓசிடி ஒளியைச் செலுத்தி விழித்திரையின் குறுக்குவெட்டைப் படமாக்கும். அடுக்குகளுக்குள் நீர் கோத்திருக்கிறதா, எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வீக்கம் என்பது அதில் தெரியும். தடப்பள்ளி வாய்க்காலில் எங்கே கரை கசிகிறது, எந்த வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று பார்ப்பதுபோல, ரத்தக்குழாய்களின் நிலையைப் பார்க்கச் சாய ஆஞ்சியோ வேண்டும். லேசர் வைக்கும் இடத்தைத் தீர்மானிக்க இது உதவும்.

சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரிய 20–30 நிமிடம் ஆகும். பிறகு கைநரம்பில் 500 மில்லிகிராம் ஃப்ளூரசின் என்ற சாயத்தைப் போடுவார்கள்: 20 சதவீத மருந்தானால் 2.5 மி.லி., 10 சதவீதமானால் 5 மி.லி. பத்துப் பதினைந்து விநாடியில் சாயம் கண்ணுக்குள் வந்துவிடும். முதல் நிமிடம் படபடவென்று படம் எடுப்பார்கள். பிறகு இடைவெளி விட்டு 10 நிமிடம் வரை. சிலருக்குக் குமட்டும், மூச்சை இழுத்துவிட்டால் அடங்கிவிடும். நரம்பை விட்டு மருந்து வெளியே கசிந்தால் கை எரியும், படமும் கெடும். எரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் உடனே சொல்லச் சொல்லுங்கள்.

இந்தச் சாயத்தில் அயோடின் இல்லை. கிட்னி விஷயத்தில் சிடி ஸ்கேனுக்குப் போடும் மருந்தோடு சேர்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். டயாலிசிஸ் செய்பவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆஸ்துமா, பழைய ஒவ்வாமை, கர்ப்பம் இருந்தாலும் அப்படியே. தோல் சில மணி நேரம் மஞ்சளாகவும், சிறுநீர் ஒரு நாளைக்கு அடர் மஞ்சளாகவும் இருக்கும். அது காமாலை அல்ல. தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் பார்க்கத்தான் அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். பஸ் வந்துவிட்டது என்று எழுந்து வராதீர்கள்.

சாயமில்லாத ஓசிடி ஆஞ்சியோவும் உண்டு. ஓடும் ரத்த அணுக்களை வைத்துக் குழாய்களை வரையும். கசிவைக் காட்டாது, கண் அசைந்தால் படத்தில் கோடு விழும். விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவை மட்டும் பார்க்கப் பல நேரம் போதும். விழித்திரையின் ஓரம் வரை பார்க்க வேண்டுமென்றால் ஊசிதான்.

கேள்வி: பனியன் கம்பெனியில செக்கிங் வேலைங்க, வயசு 38. ரெண்டு வாரமா வலது கண்ணுல, கோடு போட்ட துணியில நடுக்கோடு மட்டும் வளைஞ்சு தெரியுது. கண்ணாடிக் கடையில பவர் ஏறிப்போச்சுங்கறாங்க.
– வாசகர், திருப்பூர்

பதில்: கடைக்காரர் சொன்னது பொய்யாக இருக்காது. மாகுலாவுக்கு அடியில் நீர் தேங்கி அதைத் தூக்கினால் ப்ளஸ் பவர் ஏறினமாதிரி காட்டும். ஆனால் நேர்க்கோடு வளைவது கண்ணாடியால் தீராது. இந்த வாரமே விழித்திரை மருத்துவரிடம் போய் ஓசிடி எடுங்கள். ஊசி கிடையாது, தாடையை வைத்து, உள்ளே தெரியும் குறியைச் சில விநாடி அசையாமல் பார்த்தால் முடிந்தது. படம் எடுக்குமுன் நன்றாகக் கண் சிமிட்டிக்கொள்ளுங்கள். கண் காய்ந்திருந்தால் படம் மங்கும்.

உங்கள் வயதில் ஆண்களுக்கு இப்படி நீர் கோப்பது சகஜம். பலருக்கு மூன்று நான்கு மாதத்தில் தானே வற்றும். ஸ்டீராய்டு இருந்தால் வற்றாமல் இழுக்கும். தோலுக்குப் பூசும் கிரீம், மூக்கு ஸ்ப்ரே, மூட்டுவலிக்கு வாங்கிய பெயர் தெரியாத பொடி எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த ஓசிடியை அதே வகை மெஷினில் எடுங்கள். ஒவ்வொரு கம்பெனி மெஷினும் விழித்திரையின் கனத்தை எங்கிருந்து எங்கே வரை அளக்கும் என்பது வேறு. ஒரே கண்ணுக்கு 60–70 மைக்ரான்கூட வித்தியாசம் காட்டும்.

கேள்வி: அப்பாருக்குப் புரை முத்திப்போச்சுங்க. ஸ்கேன்ல விழித்திரை தெரியுமுங்களா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: முற்றிய புரையைத் தாண்டி ஓசிடியின் ஒளி போகாது. மூடிய இமைமேல் ஜெல் தடவி, ஒலி அலையால் எடுக்கும் பி ஸ்கேன்தான் வழி. விழித்திரை பிரிந்திருந்தாலோ, உள்ளே ரத்தம் கசிந்திருந்தாலோ தெரிந்துவிடும். மாகுலாவின் நுண்ணிய கோளாறு அதில் பிடிபடாது; அதை ஆபரேஷனுக்குப் பிறகு ஓசிடியில்தான் பார்க்க முடியும்.