நவூரு, நிலமே வளமான தீவு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வளமும் வறுமையும் குறித்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ஒரு சந்தேகம். போட்டித் தேர்வுக்குப் படிப்பதால் நாடுகளின் பரப்பு, இயற்கை வளம், மக்கள்தொகை மூன்றையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துவருகிறேன். வளம் அதிகம், மக்கள் குறைவு என்றால் அந்த நாடு செழிப்பாக இருக்கவேண்டும் என்பதுதான் எளிய கணக்கு. பசிபிக் கடலில் உள்ள நவூரு என்ற குட்டித் தீவு நாடு அந்தக் கணக்குக்குள் வரவில்லை. உரம் தயாரிக்க உதவும் பாஸ்பேட் என்ற கனிமம் ஏராளம், மக்களோ சில ஆயிரம் பேர். ஒரு காலத்தில் தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசையில் இருந்த நாடு, பிறகு திவாலானது. அந்த மக்கள் உழைக்காமல் உட்கார்ந்து தின்று அழித்தார்கள் என்றே நான் பார்த்த காணொளிகள் எல்லாம் சொல்கின்றன. உண்மையிலேயே அது மக்களின் குணத்தால் வந்த வீழ்ச்சிதானா?

எம்.

*

அன்புள்ள எம்,

அந்தக் காணொளிகளில் சிலவற்றை நானும் பார்த்தேன். எல்லாமே 1970களில் ஆரம்பிக்கின்றன. விலையுயர்ந்த கார்கள், நாட்டுக்கென்று விமானங்கள், மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம், அப்புறம் கடன், அப்புறம் விற்பனை. கதையை அங்கே தொடங்கினால் நீங்கள் சொல்லும் முடிவுக்குத்தான் வந்துசேர முடியும். ஆனால் நவூருவிலிருந்து பாஸ்பேட் கப்பலேறத் தொடங்கியது 1907இல். அந்த முதல் அறுபது ஆண்டுகளை யாரும் காட்டுவதில்லை. நான் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் தீவைப் பாருங்கள். மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். சுற்றிவரும் சாலையின் நீளம் இருபது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அவர்களுடைய கொடியே ஒரு வரைபடம்தான். நீல நிறம் பசிபிக் கடல், நடுவில் ஓடும் மஞ்சள் கோடு பூமத்திய ரேகை, அதற்குச் சற்றுக் கீழே இருக்கும் வெள்ளை நட்சத்திரம் நவூரு. மிக அருகில் உள்ள தீவான பனாபா கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆறு கிடையாது. இயற்கைத் துறைமுகம் கிடையாது. கரையை ஒட்டிப் பவளத்திட்டு, அதைத் தாண்டியதும் கடல் சட்டென்று ஆழமாகிவிடும், நங்கூரம் பிடிக்காது. பாஸ்பேட் ஏற்ற வந்த கப்பல்களை மிதவைகளில் கட்டி நிறுத்தி, கரையிலிருந்து நீளும் பெரிய இரும்புக் கைகளின் வழியாகச் சரக்கைக் கொட்டினார்கள்.

செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டால் நான் சொல்வது இன்னும் தெளிவாகப் புரியும். ஓரத்தில் மெல்லிய பச்சை வளையம். சில நூறு மீட்டர் அகலமே உள்ள அந்தக் கரைப்பட்டையில்தான் வீடுகள், பள்ளி, விமான ஓடுதளம் எல்லாம். உள்ளே இருக்கும் மேட்டுநிலம் தீவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. ஒரு காலத்தில் அங்கே புன்னையும் தாழையும் வளர்ந்திருந்தன. அந்த மேட்டின் அமைப்பு விசித்திரமானது. பவளப்பாறை கூம்பு கூம்பாக நிற்கும், கூம்புகளுக்கு இடையிலான பள்ளங்களில் பாஸ்பேட் நிறைந்திருக்கும், மேலே மெல்லிய மண், அதில் காடு. காட்டை வெட்டி, மண்ணை ஒதுக்கி, கிரேனில் தொங்கும் வாளியைப் பள்ளத்துக்குள் இறக்கி பாஸ்பேட்டை அள்ளிவிட்டால் எஞ்சுவது கூம்புகள் மட்டும். ஆள் உயரத்துக்கும் பல மடங்கு உயரத்தில், சாம்பலும் வெள்ளையுமாக, நெருக்கமாக நிற்கும் பாறைப் பற்கள். அவற்றின் நடுவே நடக்க முடியாது, உழ முடியாது, கூரை போட முடியாது.

உங்கள் அட்டவணையின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அதில் பரப்பு ஒரு பத்தி, வளம் இன்னொரு பத்தி. நவூருவில் அந்த இரண்டு பத்திகளும் ஒன்றே. சில நாடுகளில் எண்ணெய்க் கிணறு தோண்டினாலும் சுற்றி இருக்கும் ஊர் ஊராகவே இருக்கிறது. இங்கே ஒரு டன் விற்றால் ஒரு டன் நாடு குறைந்தது. வருமானம் என்று எழுதிவைத்த தொகையில் பெரும்பகுதி மூலதனத்தையே விற்ற காசு. அதை மக்கள்தொகையால் வகுத்து, உலகின் பணக்கார மக்கள் என்று பட்டம் கொடுத்தார்கள். அந்த வகுத்தலே தவறு என்பது என் கருத்து.

சரி, விற்றது யார்? நவூரு 1888இல் ஜெர்மனியின் வசம் போனது. அந்தத் தீவிலிருந்து வந்த ஒரு கல் சிட்னியில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்கப்பட்டுக் கிடந்தது. கல்லாய் இறுகிய மரம் என்றே அதை நினைத்திருந்தார்கள். ஆல்பர்ட் எல்லிஸ் என்பவருக்குச் சந்தேகம் வந்து 1899இல் சோதித்துப் பார்த்தார். மிக உயர்ந்த தரமுள்ள பாஸ்பேட். அதோடு தீவின் தலையெழுத்து மாறிவிட்டது. ஆரம்ப காலத்தில் நிலத்தின் சொந்தக்காரருக்குக் கிடைத்தது டன்னுக்கு அரை பென்னி.

முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா தீவைப் பிடித்தது. போர் முடிந்ததும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் 1919இல் ஓர் ஒப்பந்தம் போட்டு பாஸ்பேட்டை 42, 42, 16 சதவீதம் என்று பிரித்துக்கொண்டன. கூட்டினால் நூறு. நவூரு மக்களுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை, உரிமைத்தொகை என்று கையில் வந்த சில்லறையோடு சரி. பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த பாஸ்பேட் உலகச் சந்தை விலைக்கும் குறைவான விலையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பண்ணைகளுக்கு உரமாகப் போனது. அங்கே விளைந்த புல்லிலும் கோதுமையிலும் நவூருவின் மேட்டுநிலம் இருக்கிறது. இதைப் படித்த பிறகும் அந்த மக்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இனி மக்கள்தொகை. இந்தப் பகுதிதான் என்னை மிகவும் தொட்டது. 1920இல் பரவிய இன்புளுயன்சாவுக்குப் பிறகு நவூரு இனத்தவர் ஆயிரத்துச் சொச்சம் பேரே மிஞ்சினார்கள். ஓர் இனம் அழியாமல் நிலைக்கக் குறைந்தது 1,500 பேராவது வேண்டும் என்று அப்போதைய ஆஸ்திரேலிய நிர்வாகி கிரிஃபித்ஸ் கருதினார். அதன்பின் ஒவ்வொரு பிறப்பையும் தீவே எண்ணிக்கொண்டிருந்தது. 1932 அக்டோபர் 26 அன்று பிறந்த ஒரு பெண் குழந்தையோடு எண்ணிக்கை 1,500ஐத் தொட்டது. அந்த நாளுக்கு அங்காம் நாள் என்று பெயர். வீடு வந்து சேர்தல் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. இன்றும் அக்டோபர் 26 அங்கே தேசிய விடுமுறை.

பத்தே ஆண்டுகளில் ஜப்பானியப் படை தீவைப் பிடித்தது. 1943இல் சுமார் 1,200 பேரைக் கப்பலேற்றி, பசிபிக்கில் ஜப்பான் வசமிருந்த ட்ரக் தீவுகளுக்கு வேலைக்குக் கொண்டுபோனார்கள். பசியிலும் நோயிலும் குண்டுவீச்சிலும் செத்தவர்கள் போக 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பியவர்கள் 737 பேர். அங்காம் குழந்தை திரும்பவில்லை. எண்ணிக்கை மறுபடி 1,500ஐ எட்ட 1949 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொடியில் உள்ள நட்சத்திரத்துக்குப் பன்னிரண்டு முனைகள், பன்னிரண்டு குலங்களைக் குறிப்பவை. அவற்றில் இரண்டு குலங்களில் இன்று ஆள் இல்லை. மக்கள்தொகை என்ற பத்தியில் நீங்கள் எழுதிவைத்திருக்கும் எண்ணை அவர்கள் இப்படி ஒவ்வோர் ஆளாகச் சேர்த்திருக்கிறார்கள்.

1960களில் ஆஸ்திரேலியா ஒரு யோசனை சொன்னது. நிலம் எப்படியும் தீர்ந்துவிடும், குயின்ஸ்லாந்து கரைக்கு அருகில் உள்ள கர்ட்டிஸ் தீவுக்கு மொத்தமாகக் குடிபெயர்ந்துவிடுங்கள். போனால் தனி நாடாக இருக்க முடியாது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஹாமர் டிரோபர்ட் தலைமையில் பேச்சுவார்த்தை நடத்தி, சுரங்கத்தின் உடைமைகளை 2.1 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு விலைக்கு வாங்க ஒப்பந்தம் போட்டு, 1968 ஜனவரி 31இல் விடுதலை பெற்றார்கள். ட்ரக்கிலிருந்து திரும்பிய அதே தேதியைக் கேட்டு வாங்கினார்கள். பாஸ்பேட் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்குள் வெட்டித் தீர்க்கப்பட்டிருந்தது.

விடுதலைக்குப் பிறகு நடந்ததை நான் மறைக்கப்போவதில்லை. மீதி நிலத்தை அவர்களே வெட்டி விற்றார்கள். வருங்காலத்துக்கென்று வைத்த அறக்கட்டளைப் பணம் மோசமான முதலீடுகளிலும் மோசமான ஆலோசகர்களிடமும் கரைந்தது. 1993இல் லண்டனில் ஓர் இசை நாடகத்துக்குக்கூடப் பணம் போட்டார்கள், அது சில வாரங்களில் நின்றுபோனது. மெல்பர்ன் கட்டடம் 2004இல் கைமாறியது. தவறுகள்தான், பெரிய தவறுகள். ஆனால் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தங்கள் நிலத்தின் கணக்கைப் பார்க்கவே அனுமதிக்கப்படாத சில ஆயிரம் பேரிடம் திடீரென்று ஒரு பெரும் சொத்தைக் கொடுத்தால், அதை நிர்வகிக்கும் பழக்கம் எங்கிருந்து வரும்?

உழைக்காதவர்கள் என்கிறீர்களே, பாஸ்பேட்டுக்கு முன்பு அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பாருங்கள். பவளத்திட்டில் இபியா என்ற மீனின் குஞ்சுகளைப் பிடிப்பார்கள். நம் மொழியில் பால்மீன். கடல்நீரில் பிறந்த குஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீருக்குப் பழக்கி, தீவின் உள்ளே இருக்கும் புவாடா குளத்தில் விட்டு வளர்ப்பார்கள். குளத்தில் குடும்பத்துக்கு ஒரு பாத்தி. மழை பொய்த்தால் வேறு வழியே இல்லாத ஒரு தீவில், பட்டுப் பட்டுக் கற்ற வித்தை அது. 1960களில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட திலாப்பியா மீன் பெருகி அந்த வளர்ப்பையும் கெடுத்துவிட்டது. வெள்ளை அரிசியும் டின் இறைச்சியும் கப்பலில் வந்தன. இன்று நீரிழிவு அதிகம் உள்ள நாடுகளில் நவூருவும் ஒன்று.

வெட்டிய நிலத்தைச் சீர்செய்யும் பொறுப்பு யாருடையது என்று ஆராய நவூரு அமைத்த விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் இலங்கைச் சட்ட அறிஞர் வீரமந்திரி. 1989இல் ஆஸ்திரேலியா மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 1993இல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஆஸ்திரேலியா சம்மதித்தது. கூம்புகளை உடைத்துச் சமன் செய்யும் வேலை அதன் பிறகும் மிகச் சிறிய அளவிலேயே நடந்தது.

இப்போது நவூருவின் மக்கள்தொகை சுமார் 12,000. வருமானம், மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் பரந்த அவர்களுடைய கடலில் சூரை மீன் பிடிக்க மற்ற நாட்டுக் கப்பல்களுக்குக் கொடுக்கும் உரிமத்திலிருந்தும், ஆஸ்திரேலியா தன்னிடம் அடைக்கலம் கேட்டு வருபவர்களை அங்கே அனுப்பி வைப்பதற்குக் கொடுக்கும் பணத்திலிருந்தும் வருகிறது. கடல் மட்டம் ஏறுவதால் அந்தக் கரைப்பட்டையில் நெடுநாள் இருக்க முடியாது. தீவில் உயரமான இடம் என்றால் நடுவில் உள்ள அந்த மேடு ஒன்றுதான். அதனால் பெரும்பாலான மக்களை அங்கே குடியேற்றுவது என்று அரசு திட்டம் வைத்திருக்கிறது. கூம்புகளை அகற்றி, மண் பரப்பி, வீடு கட்டி, தண்ணீர் கொண்டுவர வேண்டும். அதற்கான பணத்தைத் திரட்ட, 2024இல் ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். குறிப்பிட்ட தொகை கொடுக்கும் வெளிநாட்டவர் நவூரு குடியுரிமை பெறலாம். ஒவ்வொரு பிறப்பையும் எண்ணி எண்ணி 1,500ஐத் தொட்ட நாடு, தன் மண்ணைத் திரும்பப் பெற அதே எண்ணிக்கையில் ஓர் இடத்தை விலைக்குக் கொடுக்கிறது.

அன்புடன்.