ராணுவத்தோடு சம்பந்தமே இல்லாத இந்தியர், அமெரிக்காவில் போரில் இறந்தவர்களுக்கான நினைவு ஓட்டத்தில் தன்னார்வலராகப் போகலாமா? தப்பாக நினைப்பார்களா?

போகலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அவ்வளவுதான் பதில். மீதி எல்லாம் நான் புலம்புவது, நேரமிருந்தால் படியுங்கள்.

நீங்கள் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும், ஓடுகிற பழக்கம் இருக்கும், மே மாதம் வருகிறதே என்று யாரோ ஒரு பதிவுப் படிவத்தை அனுப்பியிருப்பார்கள் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். "நமக்கும் இதற்கும் என்ன" என்று வீட்டில் ஒருவர் கேட்டிருப்பார், அதனால்தான் இந்தக் கேள்வி. என்னையும் கேட்டார்கள். இன்னும் கேட்கிறார்கள். "அமெரிக்கா ராணுவத்துக்கு ஜால்ராவா?" என்று ஒருவர் என் வீட்டில் உட்கார்ந்து என் காபியைக் குடித்துக்கொண்டே கேட்டார். இராக் போரைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு, அது அவருடைய கருத்தைவிடக் காட்டமானது. ஆனால் தண்ணீர் மேசையில் நின்ற இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட அதைக் கேட்டதில்லை. தண்ணீர்தான் கேட்டார்கள்.

நான் 2012இல் எச்4 விசாவில், அதாவது கணவரின் வேலை விசாவை ஒட்டி மனைவிக்குக் கிடைக்கும் விசாவில், மேரிலாந்து வந்தேன். அப்போதெல்லாம் எச்4 என்றால் சம்பளத்துக்கு வேலை பார்க்கவே முடியாது. 2015இல்தான் சிலருக்கு மட்டும் அனுமதி கொடுக்க ஆரம்பித்தார்கள். பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவள், காலையில் கணவர் கிளம்பியதும் அபார்ட்மென்ட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சம்பளமில்லாத தொண்டு வேலைக்குத் தடையில்லை என்று தெரிந்ததும் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்தேன். அதில் ஒன்று இந்த ஓட்டம். ஆக, உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது. வீட்டைவிட்டு வெளியே போகணும், அவ்வளவுதான்.

முதல் சில வருஷம் தண்ணீர் மேசைதான். அதிலும் தொழில்நுணுக்கம் உண்டு. பேப்பர் கப்பில் பாதிதான் ஊற்ற வேண்டும். விளிம்பை மட்டும் மேலிருந்து இரண்டு விரலால் பிடிக்க வேண்டும், அப்போதுதான் ஓடுகிறவர் கை கப்பின் நடுவில் படும். அவர் தொடும் நேரத்தில் நம் கையும் அவர் போகும் பக்கமே கொஞ்சம் நகர வேண்டும், இல்லாவிட்டால் பாதித் தண்ணீர் நம் சட்டையில். "வாட்டர்", "கேட்டரேட்" என்று எது கையில் இருக்கிறதோ அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நான் மூன்றாவது வருஷமே இதில் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். தொண்டை கட்டும்வரை கத்துவேன்.

2016இல் என்னைப் படங்கள் இருக்கும் பகுதிக்கு மாற்றினார்கள்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2009இல் ஆப்கானிஸ்தானில் கணவரைப் பறிகொடுத்தவர் லிசா ஹாலட். வாஷிங்டன் மாநிலத்தில் லூயிஸ் மெக்கார்ட் ராணுவ முகாம் பக்கத்தில் அவரும் இன்னொரு பெண்மணியும் சேர்ந்து 2010இல் 'வேர் ப்ளூ: ரன் டு ரிமெம்பர்' என்று நீலச் சட்டை போட்டு ஓடும் ஒரு குழுவை ஆரம்பித்தார்கள். அவர்கள் ஓட்டப் பாதையில் ஒரு மைல் நீளத்துக்கு இறந்தவர்களின் படங்களை வரிசையாக நிறுத்துவார்கள். படங்கள் முடிந்ததும் தன்னார்வலர்கள் கொடி பிடித்து வரிசையாக நிற்பார்கள். தலைநகர் வாஷிங்டன் டி.சி. பகுதியில் அக்டோபரில் நடக்கும் மரைன் கோர் மாரத்தானில்கூட அந்த நீல மைல் உண்டு. நான் சொல்லும் ஓட்டம் அது இல்லை, வேறொரு சின்ன ஓட்டம், பெயர் வேண்டாம். ஆனால் ஏற்பாடு அதே மாதிரிதான்: சில அடிக்கு ஒரு படம், கீழே பெயர், பதவி, வயது, இறந்த தேதி.

எனக்கு அதைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்தது. செங்கம் பக்கம் எங்கள் ஊர். அங்கே ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் நடுகல் நிற்கும். ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன் பெயரையும் அவன் செய்ததையும் கல்லில் எழுதி, வழிப்போக்கர் கண்ணில் படும்படி பாதையோரம் நட்டு, மயில்பீலி சூட்டுவது சங்க காலத்துப் பழக்கம். சிலதை இன்றும் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். சிலதில் மாடு கட்டுகிறார்கள். நானே சின்ன வயதில் ஒன்றின் மேல் உட்கார்ந்து கொடுக்காப்புளி தின்றிருக்கிறேன். அது சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அன்று காலை நாலரை மணிக்கு இருட்டில், தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, படச் சட்டங்களின் காலடியில் மணல்பை வைத்தோம். பொழுது விடியும்போது குடும்பத்தினர் சிலர் வந்து தங்கள் பிள்ளையின் படத்தருகே நின்றார்கள். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, கைக்குட்டையால் படத்தின் மேல் இருந்த பனி ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் போய், வாய் நிறையச் சிரித்து, "ஹேப்பி மெமோரியல் டே!" என்றேன்.

இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

தெரியாதவர்களுக்காக: மெமோரியல் டே மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, 1971இலிருந்து அப்படி. அது போரில் செத்தவர்களுக்கான நாள். ராணுவத்தில் இருந்த எல்லோரையும் கொண்டாடுவது வெட்டரன்ஸ் டே, நவம்பர் 11. நமக்கு முதலாவது என்றால் மூன்று நாள் லீவு, மெத்தைக் கடையில் தள்ளுபடி, நயாகரா டிரிப். நான்கு வருஷம் தண்ணீர் கொடுத்தும் எனக்கு அதற்கு மேல் உறைக்கவில்லை. தேங்க்ஸ்கிவிங்குக்கு ஹேப்பி சொல்வதுபோல் சொல்லிவிட்டேன். அமெரிக்கர்களிலும் இப்படிச் சொல்கிறவர்கள் ஏராளம், ஆனால் அவர்கள் அதை ஒரு தாயின் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தார், என் கழுத்தில் தொங்கிய தன்னார்வலர் அட்டையைப் பார்த்தார். அப்புறம், "ஹனி, நான் பாத்ரூம் போகணும். வரிசை நீளமா இருக்கு. நான் வர்ற வரைக்கும் இவன்கூட நிக்கிறியா?" என்றார்.

நின்றேன். பையனுக்கு இருபத்துமூன்று வயது. காது இரண்டும் தொப்பிக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

அதற்குள் ஓடுகிறவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பழக்க தோஷம், கை தட்டத் தூக்கினேன். எதிர்ப்பக்கத்தில் நின்றவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். அங்கே யாரும் கத்துவதில்லை. வருகிறவர்களும் காதில் மாட்டியதைக் கழற்றிவிடுகிறார்கள், தொப்பியை எடுக்கிறார்கள், சிலர் ஓட்டத்தை விட்டு நடக்கிறார்கள். செருப்பில்லாமல் கோயில் பிராகாரம் சுற்றுவது மாதிரி ஒரு சத்தம்தான் கேட்கும், அதுவும் ஷூ சத்தம்.

நாற்பது வயதுக்காரர் ஒருவர், நீல டிஷர்ட், எங்களைத் தாண்டிப் பத்தடி போய்விட்டுத் திரும்பி வந்தார். சட்டத்தின் மேல்விளிம்பில் இரண்டு விரலை வைத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு என்னிடம், "நீங்க இவன் குடும்பமா?" என்று கேட்டார். என் நிறத்தைப் பார்த்தும் அப்படிக் கேட்டார் என்பதை நான் கவனித்தேன். இல்லை, அவன் அம்மா பக்கத்தில்தான் போயிருக்கிறார், ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுவார், இருங்கள் என்றேன். கழிவறைகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "இல்லை, என்னால முடியாது" என்றார். "நான் வந்து நின்னேன்னு மட்டும் சொல்லுங்க." போய்விட்டார்.

பையனின் அம்மா வந்ததும் சொன்னேன். எப்படி இருந்தார், என்ன உயரம், ஏதாவது பச்சை குத்தியிருந்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "அவன் நம்பர் என்ன?"

பிப் நம்பர். ஓடுகிற ஒவ்வொருத்தர் மார்பிலும் ஒரு தாளை நாலு மூலையிலும் ஊக்கு குத்தி, கால்பந்து மைதானத்தின் மறுகோடியிலிருந்துகூடப் படிக்கிற அளவுக்கு எழுதியிருக்கும். அது தெரிந்தால் சாயங்காலம் முடிவுப் பட்டியலில் பெயரும் ஊரும் கிடைத்துவிடும். என் கண்ணுக்கு நேராக, ஒரு கை தூரத்தில் இருந்த எண். நான் பார்க்கவில்லை. அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பரவாயில்லை, ஹனி" என்றார். ஓட்டம் முடிந்து மற்ற குடும்பங்கள் எல்லாம் கிளம்பிய பிறகும், சட்டங்களை வண்டியில் ஏற்றும் வரைக்கும் அவர் அங்கேயே நின்றார்.

பிறகு ஓட்டத்தின் புகைப்படங்களை ஒரு வாரம் உட்கார்ந்து தேடினேன். படங்கள் இருக்கும் பகுதியில் புகைப்படக்காரர்களை நிறுத்துவதில்லை, அதனால் முடிவுக்கோட்டுப் படங்கள்தான். நீல டிஷர்ட் போட்ட நாற்பது வயது ஆட்கள், அந்த ஓட்டத்தில், எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் மிஞ்சிய மூன்று பேரில் ஒருவர்தான் அவர் என்று தோன்றியது. தப்பான ஒருவரை அந்த அம்மாவிடம் கொண்டுபோய் நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த மூன்று படமும் இன்னும் என் கணினியில் கிடக்கிறது.

இப்போது அந்தப் பகுதிக்கான தன்னார்வலர்களுக்கு நான்தான் காலையில் அறிமுகம் சொல்கிறேன். இரண்டே விஷயம்தான் சொல்வேன். ஹேப்பி சொல்லாதே. யாராவது ஒரு படத்தின் முன்னால் நின்றால் நம்பரைப் பார்.

இதைச் சொன்னதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், சம்பந்தமில்லாவிட்டாலும். மேரிலாந்தில் பள்ளிப் படிப்பை முடிக்க 75 மணி நேரம் சேவை செய்திருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் நம் ஆட்கள் கையில் அது கையெழுத்து வேட்டை ஆகிவிட்டது. ஒரு வருஷம் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன் வந்தான், இரண்டு மணி நேரம் ஒழுங்காக மணல்பை தூக்கினான், பையன் மேல் எந்தக் குறையும் இல்லை. அழைத்துப் போக வந்த அப்பா, படிவத்தில் எட்டு மணி நேரம் என்று அவரே எழுதிக்கொண்டு வந்து நீட்டுகிறார். "நம்ம பையன்தானே, அக்கா." இரண்டு என்று திருத்திக் கையெழுத்துப் போட்டேன். அந்த வருஷத்திலிருந்து அவர்கள் வீட்டுக் கொலுவுக்கு எனக்கு அழைப்பில்லை. எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவில்லை, உடனே சண்டைக்கு வராதீர்கள். ஆனால் அந்தப் படங்களின் வரிசைக்கு நடுவில் நின்றுகொண்டு ஆறு மணி நேரத்தைப் பொய்யாகக் கேட்க எப்படி மனம் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. சுண்டல் போனது வேறு வருத்தம்.

சரி, உங்களுக்கு. குடும்பத்தினரிடம் என்ன பேசுவது என்று பயமாக இருந்தால், "அவரைப் பத்திச் சொல்லுங்க" என்றால் போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பெயரைப் படிக்கச் சொன்னால், எப்படி உச்சரிப்பது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நம் பெயரை இவர்கள் கடித்துக் குதறும்போது நமக்கு எப்படி இருக்கிறது? கொடி பிடிக்கக் கொடுத்தால் தரையில் படாமல் பிடியுங்கள், அதில் கண்டிப்பாக இருப்பார்கள். மே மாதம்தானே என்று மெல்லிய சட்டையில் போகாதீர்கள், விடிகாலை குளிரும். படங்கள் இருக்கும் பகுதியை முதல் வருஷமே தர மாட்டார்கள், தண்ணீர் மேசைதான் கிடைக்கும். கப்பைப் பாதிதான் நிரப்ப வேண்டும், மறந்துவிடாதீர்கள்.