லைன் முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: சென்னையில் 1986-ல் கட்டிய தனி வீடு. மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) லைனில் ஒரு வருடமாகத் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. சின்ன மோட்டார் வைத்துத்தான் இழுக்கிறோம். இரண்டு மாதமாக, முதலில் வரும் தண்ணீரில் சாக்கடை நாற்றம் வேறு. பிளம்பர் ‘மெயினிலிருந்து சம்ப் வரை புது லைன் போடணும், ஆபீஸை நான் பார்த்துக்கறேன்’ என்று 45 ஆயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. பிளம்பர் இரண்டையும் ஒரே பில்லில் கட்டிவிட்டார்.

முதலில் நாற்றம். இது நிற்கும் வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், வாய் கொப்பளிக்கவும் வேண்டாம். மெட்ரோ வாட்டர் முறை வைத்துத்தான் வருகிறது. வராத நேரமெல்லாம் பைப்பில் அழுத்தம் கிடையாது. எங்காவது ஒரு சின்ன ஓட்டை இருந்தால், சுற்றி நிற்கும் அழுக்கு நீர் அதன் வழியாக உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கும். மறுநாள் தண்ணீர் திறந்ததும் முதலில் அதுதான் தள்ளிக்கொண்டு வரும். பத்து நிமிடம் போனால் தெளிந்துவிடும், நாமும் மறந்துவிடுவோம்.

அந்த ஓட்டையைத் தேட லைன் முழுவதையும் தோண்ட வேண்டாம். வாசலில் மழைநீர் வடிகால் ஓடுகிறதா? அதன் மூடியைத் திறந்து, உங்கள் பைப் குறுக்கே போகும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். நான் பார்த்த நாற்றப் புகார்களில் பெரும்பாலானவை அங்கேதான் முடிந்தன. வடிகால் கட்டும்போது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை அப்படியே உள்ளே தொங்கவிட்டுக் கான்கிரீட் போட்டுவிடுகிறார்கள். வடிகால் ஒரு துறை, குடிநீர் இன்னொரு துறை. நடுவில் உங்கள் பைப் கழிவில் ஊறிக்கொண்டிருக்கும்.

இன்னொரு சோதனை, கிருமியைக் கொல்லத் தண்ணீரில் கலக்கும் குளோரின். சாக்கடை கலந்தால் அது தீர்ந்துவிடும். டிப்போவிலிருந்து (மெட்ரோ வாட்டரின் பகுதி அலுவலகம்) வரும் ஊழியரிடம் சின்னப் பெட்டி இருக்கும். அதிலுள்ள சொட்டு மருந்தை விட்டால், குளோரின் இருக்கும் தண்ணீர் மஞ்சளாகும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். முதலில் வரும் தண்ணீரைப் பக்கத்து வீட்டிலும் உங்கள் வீட்டிலும் ஒரே நேரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே மஞ்சள், உங்களிடம் நிறமே இல்லை என்றால் கோளாறு உங்கள் பைப்பில். இரண்டு வீட்டிலும் இல்லை என்றால் தெரு மெயினில். அதற்கு நீங்கள் ஒரு பைசா செலவு செய்யத் தேவையில்லை. 1916 என்ற தொலைபேசி எண்ணில் புகார் கொடுங்கள். யாரும் வராமலே ‘சரி செய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வரலாம். சளைக்காமல் மறுபடி கொடுங்கள், புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

இந்த நேரம் பார்த்து ஆர்.ஓ. விற்பவர் டி.டி.எஸ். மீட்டரோடு வருவார். அந்த மீட்டர் உப்பைத்தான் அளக்கும். சாக்கடை கொஞ்சம் கலந்தால் எண் பெரிதாக மாறாது; கிருமி அதில் தெரியவே தெரியாது. அடுத்து இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டுக் கரண்ட் கொடுப்பார், தண்ணீர் செம்பழுப்பாகத் திரியும், வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். கரைந்து வருவது அந்தக் கம்பியின் இரும்பு! ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கும். இதை நம்பிப் படித்தவர்களே ஏமாறுகிறார்கள்.

இனி வேகம். மோட்டாரை நிறுத்திவிட்டுப் பாருங்கள். சம்ப்புக்கு முன்னால் உள்ள யூனியனை (பைப்பைப் பிரிக்கும் திருகு இணைப்பு) கழற்றித் தண்ணீரை வாளியில் விடுங்கள். நன்றாக வந்தால் மிதவை வால்வு அடைத்திருக்கிறது, சில நூறு ரூபாய் வேலை. வராவிட்டால் கேட் வால்வைப் பாருங்கள்: கைப்பிடி சுற்றும், உள்ளே தகடு ஏறாது. அதுவும் சரி என்றால் பைப்தான். இத்தனை வருட ஜி.ஐ. பைப்பை அறுத்துப் பார்த்தால் கறையான் புற்று மாதிரித் துரு எழும்பி, பென்சில்கூட நுழையாது. அப்போது மாற்றத்தான் வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. உங்களுடையது தெருக்கோடி வீடா, மேட்டில் இருக்கிறதா? அப்படியானால் பைப் புத்தம் புதிதாக இருந்தாலும் தண்ணீர் மெலிதாகத்தான் வரும். முறை தொடங்கும்போது ஒரு வாளி நிரம்ப எத்தனை நொடி, முடியும் தறுவாயில் எத்தனை நொடி என்று பாருங்கள். மற்ற வீடுகளின் சம்ப் நிரம்பி மிதவை மூடிக்கொண்ட பிறகு உங்களுக்கு வேகம் கூடினால் பைப்பில் அடைப்பில்லை. தெருவில் அழுத்தம் இல்லை. தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே மாதிரி மெலிந்து வந்தால்தான் அடைப்பு. ஒரு நாள் பார்த்து முடிவு கட்டாதீர்கள், இரண்டு மூன்று முறை பாருங்கள். இதைப் பார்க்காமல் லைன் மாற்றிவிட்டு, ‘அதே தண்ணீர்தான் சார் வருது’ என்று வந்து நிற்பவர்கள் ஏராளம்.

அந்த மோட்டாரைக் கழற்றிவிடுங்கள். லைனில் நேரடியாக மோட்டார் வைப்பது சட்டவிரோதம் என்பது ஒருபுறம். அது இழுக்கும் இழுப்பில் ஓட்டை வழியாகச் சாக்கடையும் சேர்ந்து வருகிறது. சம்ப்பிலிருந்து மாடிக்கு ஏற்றும் மோட்டார் இருக்கட்டும், அதனால் தொல்லை இல்லை.

‘ஆபீஸை நான் பார்த்துக்கறேன்’ என்பதற்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்: இரவோடு இரவாகச் சாலையை வெட்டி, அனுமதி இல்லாமல் மெயினில் துளை போடுவார். நாளை இணைப்பைத் துண்டித்தால் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். மெயினிலும் ஃபெரூலிலும் (மெயினில் உங்கள் பைப் சேரும் இணைப்பு) வாரியத்தின் ஆள் மட்டுமே கை வைக்க வேண்டும். பணத்தை வாரியத்தின் பெயரில் கட்டி ரசீது வாங்குங்கள். சாலை வெட்ட மாநகராட்சி அனுமதி தனி. மழை மாதங்களில் அதையும் நிறுத்திவிடுவார்கள். இந்த அலைச்சலால்தான் இடைத்தரகர் பிழைக்கிறார், எனக்கும் தெரியும். ஆனாலும் விண்ணப்பத்தை நீங்களே கொடுங்கள்.

வேலை நடக்கும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். வடிகாலைத் தாண்டும் இடத்தில் பைப்பில் இணைப்பே இருக்கக் கூடாது. ஒரே துண்டாக, பெரிய பைப் ஒன்றை உறையாகப் போட்டு, வடிகாலுக்கு மேலே கொண்டுபோகச் சொல்லுங்கள். மூடும் முன் போனில் படம் எடுங்கள். சம்ப்பைக் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே புதுத் தண்ணீரை உள்ளே விடுங்கள்.