கலவையில் சிமென்ட் எங்கே?

கேள்வி: 1987-இல் வந்த 'சூப்பர்மேன் 4' படத்தை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்டுப் பார்த்தோம். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். கணவர் பாதியில் எழுந்து போய்விட்டார். எனக்கோ கடைசியில் கண் கலங்கிவிட்டது. குறைந்த பட்ஜெட்டில் எடுத்த பாவத்துக்காக ஒரு படத்துக்கு இப்படிக் கலவையான விமர்சனமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, தேவகோட்டை

பதில்: கலவை! நீங்களுமா சகோதரி?

உங்கள் வீட்டில் ஒருவர் சிரித்தார், ஒருவர் கோபித்தார், ஒருவர் அழுதார். இதில் எது எதோடு கலந்தது? கலவை என்றால் என்னவென்று கொத்தனாரைக் கேளுங்கள். ஒரு சட்டி சிமென்ட், ஆறு சட்டி மணல், தண்ணீர். குழைத்த பிறகு இது சிமென்ட், இது மணல் என்று எவராலும் பிரித்துக் காட்ட முடியாது. "கலவையான விமர்சனங்களைப் பெற்று வருகிறது" என்று வெள்ளிக்கிழமை தவறாமல் எழுதுகிற புண்ணியவான் ஒருவர் எங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறார். நானும் பல வருஷமாக அடித்துக்கொண்டே இருக்கிறேன், அவரும் எழுதிக்கொண்டே இருக்கிறார். அந்த வாக்கியத்துக்கு அர்த்தம், 'படம் சரியில்லை, ஆனால் விளம்பரம் வந்திருக்கிறது' என்பதுதான். சிலருக்குப் பிடித்தது, சிலருக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் வாய் சுட்டுவிடுமா?

கலவை விஷயத்தில் நான் சூடுபட்டவன். மாடிப்படிச் சுவர்ப் பூச்சுக்கு 'ஒண்ணுக்கு நாலு' என்று பேசி முடித்தோம். மேஸ்திரி பெயரைச் சொல்ல மாட்டேன். எதிர்த்த தெருவில்தான் இருக்கிறார். காலண்டர் மாட்ட ஆணி அடித்தேன். ஆணி சுவருக்குள் போகவில்லை, சுவர்தான் ஆணியோடு வெளியே வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தேதி பார்க்க வேண்டுமானால் தரையில் உட்கார வேண்டும்.

சரி, படத்துக்கு வருகிறேன். அதுவும் இதே கதைதான். 1978-இல் முதல் சூப்பர்மேனுக்குச் செலவு சுமார் 5.5 கோடி டாலர். நாலாவது பாகம் மெனகெம் கோலன், யோரம் குளோபஸ் நடத்திய கேனன் படக் கம்பெனியிடம் போனது. 3.6 கோடி டாலர் என்று பேசினார்கள். கையில் காசு இறுகியதும் ஏறத்தாழ 1.7 கோடியில் முடி என்றார்கள். கதையை மட்டும் ஒரு சுருக்குக்கூடச் சுருக்கவில்லை. உலகத்து அணு ஏவுகணைகளையெல்லாம் வலையில் அள்ளிச் சூரியனுக்குள் வீச வேண்டும், சீனப் பெருஞ்சுவர் இடிய வேண்டும், நிலாவில் மல்லுக்கட்ட வேண்டும், பிறகு அந்த நிலாவையே தள்ளி நகர்த்தவும் வேண்டும். என் மேஸ்திரியும் சிமென்டைத்தான் குறைத்தார், சுவரைக் குறைக்கவில்லை.

விளைவு? நியூயார்க்கின் ஐ.நா. சபை வாசலாக இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் ரயில் நிலைய வாசல் நடித்தது. மழையில், நூறு பேர் கும்பலை வைத்துக்கொண்டு, ஒரு கார்கூட இல்லாமல், அலங்காரத்துக்குச் சில புறாக்களோடு எடுக்க வேண்டியிருந்ததே என்று சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் பின்னாளில் தன் வாழ்க்கைக் கதையில் நொந்துகொண்டார். சூப்பர்மேன் நேரே நம்மைப் பார்த்துப் பறந்து வருகிற ஒரே ஷாட்டைப் பின்னணி மாற்றி மாற்றித் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். உங்கள் மகன் அதைக் கண்டுபிடித்துத்தான் சிரித்திருப்பான். கண் உள்ள பிள்ளை.

படத்தில் தலைமுடிக் காட்சி ஒன்றுதான் என் செல்லம். அருங்காட்சியகத்தில் சூப்பர்மேனின் ஒற்றைத் தலைமுடி ஒரு பெரிய எடைக்குண்டைத் தாங்கித் தொங்குகிறது. வில்லன் லெக்ஸ் லூதர் நிதானமாக வந்து அதை ஒரு கட்டரால் 'டக்'கென்று வெட்டிக்கொண்டு போகிறான். எதனாலும் அறுக்க முடியாத முடியைத்தானே காட்சிக்கு வைத்தீர்கள்? அந்த முடியிலிருந்து பிறக்கிற நியூக்ளியர் மேன் வெயில் பட்டால்தான் வேலை செய்வான், நிழல் விழுந்தால் அணைந்துவிடுவான். எங்கள் தெரு முனை சோலார் விளக்குக்கு ஜட்டி மாட்டிவிட்ட மாதிரி.

உங்கள் கண்ணீருக்கு நான் மரியாதை தருகிறேன். ஆனால் அது படத்துக்காக வந்ததல்ல, ரீவுக்காக. அணு ஆயுதம் ஒழிய வேண்டும் என்ற கதைக்கருவில் அவருக்கும் பங்கு உண்டு. சுற்றி எல்லாம் உதிரும்போதும் அந்த மனிதர் ஓர் இடத்தில்கூட நக்கலாக நடிக்கவில்லை. படத்திலிருந்த சிமென்ட் அவர் ஒருவர்தான். ஆறு சட்டி மணலுக்கு ஒரு சட்டி போதும், அறுபதுக்கு? (ஜூலையில் படம் வந்தது, டிசம்பரில் அமெரிக்காவின் ரீகனும் சோவியத் யூனியனின் கோர்பச்சேவும் ஏவுகணைக் குறைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அங்கேயும் பட்ஜெட் இடித்திருக்கும்.)

குறைந்த பட்ஜெட் பாவமே இல்லை. கையில் இருப்பதற்குத் தக்கபடி ஓர் அறை வீடு கட்டலாம். மாளிகைக்குப் பிளான் போட்டுவிட்டு மணலாகக் கொட்டினால்தான் வம்பு.

மில்டன் கீன்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. முதல் சூப்பர்மேன் வந்த அதே 1978-இல், லிஸ் லே என்ற சிற்பி அந்த ஊரில் மூன்று பசுக்களும் மூன்று கன்றுகளும் கான்கிரீட்டில் செய்து புல்வெளியில் நிறுத்தினார். கையில் கிடைத்த கழிவுப் பொருள்களையும் போட்டு, சிக்கனமாக. ஊரே கேலி செய்தது. குறும்பர்கள் வரிக்குதிரைபோல வர்ணம்கூட அடித்தார்கள். அசல் மாடுகளை இன்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், வயலில் நகல்கள் நிற்கின்றன. அந்த அம்மாள் எங்கள் மாடிப்படியைப் பூசியிருக்கலாம்.

ஆமாம், உங்கள் கணவர் எந்த இடத்தில் எழுந்து போனார் என்று எழுதவில்லையே? நியூக்ளியர் மேனை லிஃப்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி அணைக்கிற காட்சிக்கு முன்பென்றால், கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வையுங்கள்.