கசினும் சித்தப்பாவும்

அன்புள்ள ஐயா,

1588-இல் ஸ்பெயினிலிருந்து படையெடுத்து வந்த ஆர்மடா என்ற கப்பற்படையை எதிர்த்த ஆங்கிலக் கப்பற்படைக்குத் தலைவர் எஃபிங்ஹாம் பிரபு சார்லஸ் ஹோவர்ட். எலிசபெத் ராணியின் கசின் என்கிறார்கள். உறவுக்காகத்தான் பதவியா? சண்டை போட்டது அவருக்குக் கீழிருந்த தளபதி டிரேக்தானே?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

டிரேக்கை விடுங்கள், அது பள்ளிக்கூடப் பாடம். உறவுக்காகவா என்றால், உறவும்தான். அவர் அப்பா வில்லியமே முந்தைய அரசி காலத்தில் கடற்படைத் தலைவராக இருந்தவர். பெரிய வீட்டுப் பிரபு சொன்னால்தான் டிரேக் மாதிரி ஆட்கள் அடங்குவார்கள்.

எனக்கு எரிச்சல் வந்தது அந்தக் 'கசின்' மேல்தான். தமிழில் எழுதுகிறவருக்கு இது என்ன சோம்பேறித்தனம்? வாசலில் யாராவது வந்து "சொந்தக்காரன்" என்றால், எங்கள் பாட்டி செம்பில் தண்ணீர் கொடுப்பாள். பிறகு, "சொந்தம் சரி, என்ன முறை?" அதைச் சொல்லும்வரை இலை விழாது. ஹோவர்ட் வீட்டைப் பாட்டியிடம் விட்டுப் பார்ப்போம்.

வில்லியமுக்கு வேறு தாய் வயிற்று அக்கா ஒருத்தி. அவள் மகள் ஆன் போலின். சார்லஸுக்கு அத்தை மகள். ஆனின் மகள்தான் ராணி. அம்மாவின் மாமா மகன் என்றால் சார்லஸ் அவளுக்குச் சித்தப்பா முறை. அவளைவிட மூன்று வயது சின்னச் சித்தப்பா! அவர் கட்டியது யாரை? ஆனின் உடன்பிறந்த மேரி போலினின் மகன் வழிப் பேத்தி கேத்தரின் கேரியை. அவள் ராணிக்கு அண்ணன் மகள். மருமகளே சித்தியாகிவிட்டாள். பாட்டி தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். (மேரி ராணிக்குப் பெரியம்மாவா சித்தியா என்று இன்னும் தகராறு. 'ஆன்ட்' என்று சொல்லித் தப்பிக்க நம்மால் முடியாது.)

இப்போது மிச்சத்தையும் கேளுங்கள். சார்லஸ் பிறந்த 1536-இலேயே அத்தை மகள் ஆனின் தலையை அவள் புருஷன் எட்டாம் ஹென்றி வெட்டவைத்தான். சார்லஸுக்கு ஐந்தாறு வயதில் பெரியப்பா மகள் கேத்தரின் ஹோவர்டுக்கும் அதே புருஷன், அதே முடிவு. அவள் நடத்தையை மறைத்தார்கள் என்று சார்லஸின் அப்பா, அம்மா இருவருக்கும் ஆயுள் சிறை. பிறகு மன்னிப்பு கிடைத்தது. அந்தச் சில மாதங்களில் வீட்டில் அந்தப் பிள்ளையிடம் யார் என்ன சொல்லியிருப்பார்கள்?

ஆர்மடா வந்தபோது சார்லஸுக்குப் பேரன் முறையான பிலிப் ஹோவர்ட் லண்டன் கோபுரத்தில் கைதி. ஸ்பெயின் ஜெயிக்கப் பிரார்த்தித்தான் என்று மறுவருஷம் மரண தண்டனை விதித்தார்கள். நிறைவேற்றவில்லை, 1595-இல் அங்கேயே செத்தான். தாத்தா கப்பலில், பேரன் சிறையில்.

ஆமாம், உங்கள் கேள்வி. சண்டை முடிந்ததும் மார்கேட் ஊர்த் தெருக்களில் மாலுமிகள் நோயில் சாகிறார்கள். இப்படி உயிரைக் கொடுத்து உழைத்தவர்கள் இந்தக் கதியில் சாவதைப் பார்க்க நெஞ்சு பொறுக்கவில்லை என்று மந்திரி பர்லிக்கு எழுதி, அவர்களுக்குச் சட்டையும் செருப்பும் கேட்டவர் உங்கள் 'கசின்'தான். அந்தக் கடிதத்தைத் தேடிப் படியுங்கள். அடுத்த தடவை முறை சொல்லாமல் எழுதினால் பதில் போடமாட்டேன்.